ஷீஜாவின் படத்துக்கு மாலை போட்டது குறித்து

பெயர் பூங்கனி, வயது 48, கணவர் பெயர் சத்தியநேசன், குடியிருப்பு பத்மநாபபுரம் கோட்டைக்குள். கல்லூரியில் இயற்பியல் இணைப் பேராசிரியர். 14.09.2013 சனிக்கிழமை போலீசார் விசாரித்தபோது சொன்னது:

எங்கள் வீடு பழைய மரவீடு என்பதால், சென்ற மாதம் ஒரு தொலைக்காட்சிப் பேய்த் தொடரின் படப்பிடிப்புக்கு நான்கு நாள் கொடுத்திருந்தோம். கூடத்தில் இருந்த என் மாமனார் படத்தைக் கழற்றிவிட்டு, அவர்கள் கொண்டுவந்த ஓர் இளம்பெண்ணின் படத்தை மாட்டி மாலை போட்டார்கள். கதைப்படி அது கிணற்றில் விழுந்து இறந்த மருமகள். மறுபடியும் வருவதாகச் சொல்லி அந்தப் படத்தை எங்கள் சாமான் அறையில் வைத்துச் சென்றார்கள்.

இன்று காலை எட்டரை மணியளவில், வழக்கமாக மீன் கொண்டுவரும் வியாகுலம்மாள் கூடையை வாசலிலேயே இறக்கிவிட்டு உள்ளே வந்து, "டீச்சரே, எனக்க மவ படத்துக்கு மாலை போட்டிருக்கியளே, அவ எப்பம் செத்தா?" என்று கேட்டார். அவருடைய மகள் ஷீஜா 2010 ஜூன் மாதம் காணாமல் போனதும், அது குறித்துப் புகார் இருப்பதும் எனக்குத் தெரியும்; அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. வியாழக்கிழமைத் தொடரில் அந்தப் படத்தை ஊரே பார்த்துவிட்டதாகவும், தன் கணவர் ததேயுஸ், இறந்தவர்களுக்காக நாளை நடக்கும் ஆத்தும பூசைக்கு ஷீஜாவின் பேர் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை புகாரைத் திரும்பப் பெறப்போவதாகவும் சொன்னார். "பொறவு அவள ஆரு தேடுவா?" என்றார்.

அதன் பிறகு அந்தப் பகுதியை மடிக்கணினியில் போட்டுப் பார்த்தோம். படத்தின் கண்களில் இரத்தம் வழியும் இடம் வந்ததும், அது கண்ணாடியின் மேல் குழாய் வைத்து விட்ட சாயத் தண்ணீர், நானே பார்த்தேன் என்றேன். "ரத்தத்தப் பத்தி மீன்காரிக்கிட்ட சொல்லாதீங்க. மொகத்தப் பாருங்க" என்றார். ஒரே சாயலில் ஏழு பேர் உண்டு என்று என் கணவர் சொன்னதற்கு, "பெத்தவளுக்கு ஒண்ணுதான் சாரே" என்றார்.

அதன் பிறகு காட்சியை நிறுத்திப் பார்த்ததில், படத்தின் கீழ்விளிம்பில், சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நான்கு சிறு விரல்கள் தெரிந்தன. அவை அந்தப் பெண்ணின் விரல்களாக இருக்க அளவு பொருந்தவில்லை. எனவே சாமான் அறையிலிருந்து படத்தை எடுத்து வந்து பின்பக்க அட்டையைக் கழற்றினேன். சட்டத்துக்குள் அடங்குவதற்காகப் படத்தின் கீழ்ப்பகுதியை மடித்திருந்தார்கள். விரித்ததில், அந்தப் பெண்ணின் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. பின்புறம் களியக்காவிளையிலுள்ள ஒரு ஸ்டுடியோவின் முத்திரையும், படம் எடுத்த நாள் 09.02.2013 என்றும் இருந்தது. காணாமல் போனபோது ஷீஜாவுக்குத் திருமணமாகவில்லை.

அதன் பிறகு தொடரின் கலை உதவியாளர் குமாரதாஸை அழைத்துக் கேட்டேன். ஸ்டுடியோவில் யாரும் வாங்க வராமல் கிடந்த படங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். ஏன் வாங்க வரவில்லை என்பது எனக்குத் தெரியாது.

அந்தத் தேதியில் ஷீஜா உயிரோடு இருந்ததை மட்டுமே படம் காட்டும், இன்றைய நிலையை அல்ல என்று வியாகுலம்மாளிடம் சொன்னேன். அவர் என் தொலைபேசியில் ததேயுஸை அழைத்து, "பூசைக்குக் குடுத்த பேர வெட்டச் சொல்லும். கேட்டீரா? வெட்டச் சொல்லும்" என்றார். பிறகு கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துவிட்டு, குழந்தையின் முகத்தைத் தொட்டு, "ஆணா, பொண்ணா டீச்சரே?" என்று கேட்டார். படத்தில் தெரியவில்லை என்றேன்.

படத்தைச் சட்டத்தோடு ஒப்படைத்திருக்கிறேன். நான் கண்டதும் கேட்டதும் தவிர வேறெதுவும் இதில் இல்லை. வாசித்துப் பார்த்துச் சரியென ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) பூங்கனி