நூற்றுக்கு ஒரு பங்கு

கண்டிஷனர் செய்கிறவளின் முடி இப்படியா இருக்கும் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது சார். நான் எதையும் தடவிக்கொள்வதில்லை. பதினான்கு வருடமாக அதே வேலை, ஆசையே விட்டுப்போயிற்று.

முடியை மிருதுவாக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அலசிவிடும் கண்டிஷனரில் நூற்றுக்கு இரண்டரை பங்கு வரை போடலாம். தடவி அப்படியே விடுவதில் ஒரு பங்குதான். மீறினால் தோல் எரியும், கண்ணில் இறங்கினால் ஆபத்து. இதில் நான் மகா கறார். "இந்தம்மா கையில ஒரு சொட்டு கூடவும் கூடாது, குறையவும் குறையாது" என்று எங்கள் மேலாளர் கேலி செய்வார். எனக்கு அதில் பெருமைதான்.

வீட்டில் நானும் தங்கையும் மட்டும். பெற்றவர்கள் போனபோது அவளுக்கு எட்டு வயது. இருபத்தாறு வயதிலும் காலையில் சீப்போடு என் முன்னால் வந்து உட்காருவாள். அவளுக்கென்று நான் தனியாகக் கலந்ததைத் தடவி வாரிவிடுவேன். சரியாக ஒரு பங்கு.

போன வருடம் அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. எனக்கு ரொம்ப சந்தோஷம், அக்கம்பக்கம் எல்லாரிடமும் சொன்னேன். அந்த வாரம் மூன்று பங்கு போட்டேன்.

"அக்கா, தலை லேசா எரியுதுக்கா."

"ஊரு மாறப்போற டென்ஷன்டி. சரியாயிடும்."

விசா வந்ததும் ஆறு. டிக்கெட் எடுத்ததும் பத்து. தேதி போட்டு நோட்டில் எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். முடி கொத்துக் கொத்தாக வந்தது, உச்சந்தலையெல்லாம் புண். வியர்வையோடு இடது கண்ணில் இறங்கும் என்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நான்தான், அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கண்ணில் இனி பார்வை வராதாம். வேலைக்கு வரவில்லை என்று அவளே கடிதம் அனுப்பிவிட்டாள். நான் கலந்து வைத்திருந்த பாட்டிலைக் கண் டாக்டர் கேட்டு வாங்கிச் சோதனைக்கு அனுப்பியது சரிதான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

தெரிந்தேதான் கூட்டிப் போட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளுக்குக் கெடுதல் நினைத்ததில்லை. அவ்வளவு தூரத்தில் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

இப்போது புண்ணுக்குக் களிம்பும் நானே செய்து போடுகிறேன். மூன்று மாதமாக ஆறவில்லை. ஆறுவதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. இன்று போடும் நேரம் தாண்டிவிட்டது, சீக்கிரம் எழுதி முடியுங்கள் சார். வேறு யார் கையும் அவளுக்குப் பழக்கமில்லை.