வார்த்தைக்கு ஆயிரம்

— ‘அப்பா’ங்கற வார்த்தைக்கு அஞ்சாயிரம். மத்ததுக்கெல்லாம் தலா ஆயிரம். என்ன வாத்தியாரே, இதுதானே நம்ம பேச்சு?

— அதேதான் முதலாளி. சத்தியமா ஒரு பைசா கூட்டிக் கேட்கல நான். பாப்பா வாயில வார்த்தை வந்தாத்தான் காசுன்னு சொன்னீங்க, சரின்னேன். பேச்சுப் பயிற்சின்னு போர்டு மாட்டினவன் எவன் இதுக்கு ஒத்துக்குவான்?

— எவனும் ஒத்துக்கல. அதனாலதானே உங்களைப் பிடிச்சேன். டீ ஆச்சா?

— ஆச்சு முதலாளி. பாக்கியைக் கொடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன்... எதுக்கு ஷட்டரை இறக்குறீங்க?

— காசு எண்ணும்போது நாங்க ஷட்டரை இறக்கிடுவோம். பழைய இரும்புக் கடை, நாலு பேரு எட்டிப் பார்ப்பான். இப்படி வாங்க. இதுக்குப் பேரு வைஸ். கைப்பிடியைச் சுத்தச் சுத்த இரும்பை இது இறுக்கிக் கவ்விக்கும், நாங்க அறுப்போம். வலது கையை உள்ள வைங்க.

— எதுக்கு முதலாளி?

— வைங்கன்னா வைக்கணும். அஞ்சு வயசுப் புள்ள உங்க முன்னாடி கேள்வி கேட்காம கையை வச்சாள்ல?

— விளையாடாதீங்க முதலாளி... ஐயோ! கழுத்து! கழுத்தை விடுங்க!

— விட்டாச்சு. கை மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான். இப்ப வரிசையா சொல்லுங்க. புள்ள வாயில முதல்ல என்ன சரக்கு இறக்குனீங்க?

— த... தண்ணி.

— தண்ணி. ஆயிரம். ஒரு சுத்து.

— அம்மா!

— அது நீங்க சொல்லிக்கொடுத்ததுல இல்லையே. அடுத்தது?

— எலும்பு நொறுங்குது முதலாளி! அடிச்சேன், ஒத்துக்கறேன். ஸ்கேலால, உள்ளங்கையில. சத்தியமா லேசாத்தான்!

— லேசா? நேத்து ராத்திரி என் வீட்டுக்காரி புள்ளையோட கையை விளக்கு வெளிச்சத்துல விரிச்சுக் காட்டினா. அடிபட்ட தகரம் எப்படி இருக்கும்னு எனக்கா தெரியாது? அடுத்த வார்த்தை!

— கதவு! கதவு, பூனை, வண்டி!

— மொத்தமா வாங்கினா தள்ளுபடின்னு நினைப்பா? மூணு சுத்து.

— ஐயய்யோ! விரலு! விரலு போச்சு!

— கத்துங்க. வெளிய லாரியில தகடு ஏத்துறாங்க, உங்க சத்தம் அதுல கலந்துடும். இது யாரு விரல்ல வர்ற ரத்தம்? உங்களுதா? நல்ல சிவப்பா இருக்கே. இன்னும் என்ன?

— போ, வா... முதலாளி, காசு வேண்டாம், வாங்கினதையும் திருப்பிக் கொடுத்துடறேன், விட்டுடுங்க!

— வாங்கின சரக்கைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்க பரம்பரையிலயே இல்ல. ரெண்டு சுத்து. இன்னும் ‘அப்பா’ இருக்கு. கணக்குப்படி அஞ்சு சுத்து. ஆனா அது ஒண்ணுதான்யா நீ கொடுத்த நல்ல சரக்கு. போன வாரம் மழைன்னு குடையைக் கையில எடுத்தேன். புள்ள ‘அப்பா’ன்னா. அஞ்சு வருஷத்துல முதல் தடவை! சொல்லிட்டுக் கையை வேற நீட்டினா. வியாபாரி மக இல்லையா, கூப்பிட்டதுக்குக் கூலி கேட்கிறாள்னு ஒரு காசை வச்சேன். தெரு பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அதுக்காக ஒரு சுத்து தள்ளுபடி.

— முதலாளி... அது வந்து... யாரோ ஷட்டரைத் தட்டுறாங்க! காப்பாத்துங்க! யாராச்சும் காப்பாத்துங்க!

— வாயை மூடு! யாரது?

— நான்தாங்க. திறங்க. புள்ளையை வச்சுக்கிட்டு வெயில்ல நிக்கிறேன்.

— உன்னை யாரு இங்க வரச் சொன்னது? இரு, பாதியில மாட்டிக்குது. கொக்கிக் கம்பியைப் போட்டுத் தூக்கினாத்தான் மேல போகும்... ம்... உள்ள வராதே, புள்ளையை அந்தப் பக்கம் திருப்பு!

— அப்பா.

— கேட்டியா? கூப்பிட்டா பாரு! இந்த நேரத்துலயும் அப்பனைத்தான் கூப்பிடுது என் தங்கம். கையை நீட்டாத கண்ணு, அப்பா அப்புறமா காசு தரேன்.

— அவ காசு கேட்கலங்க.

— பின்ன?

— உங்க கையில என்ன இருக்கு, பாருங்க. கம்பி. அன்னைக்குக் குடை. இன்னைக்குக் காலையில நான் துடைப்பத்தை எடுத்தேன், என்னைப் பார்த்தும் ‘அப்பா’ன்னா, கையை நீட்டினா. அதான் செருப்பைக்கூட மாட்டாம ஓடி வந்தேன். அந்த அஞ்சாயிரத்தை எப்படி வரவழைச்சான்னு அவனையே கேளுங்க.

— டேய். சொல்லு.

— ஸ்கேலை ஓங்குவேன் முதலாளி. ‘அப்பா’ன்னு சொல்லிக் கையை நீட்டினா ஒரே அடியோட விட்டுடுவேன். சொல்லலைன்னா... அஞ்சாயிரமாச்சே முதலாளி! மத்தது வராட்டியும் அது வந்தே ஆகணும்னு இருந்துச்சு. ரேட்டு வச்சது நீங்கதானே?

— உன் தலையைப் பிளந்துடுவேன்!

— பிளங்க. அதையும் அவ பார்க்கட்டும். ஏங்க, முதல்ல போனோமே, அந்தப் பேச்சுப் பயிற்சி அம்மா, ஒரு தடவைக்கு எவ்வளவு கேட்டாங்க?

— இப்ப எதுக்கு அது?

— எண்ணூறு. எப்பப் பேசுவாள்னு வாக்குக் கொடுக்க முடியாது, தரையில உட்கார்ந்து கூட விளையாடணும், அப்பாவும் வரணும்னாங்க. நீங்க ஐநூறுன்னீங்க. அவங்க சிரிச்சாங்க. விருட்டுன்னு எழுந்து வந்தீங்க. பாதிப் படியில நின்னு, செருப்பு வார் அறுந்த மாதிரி எவ்வளவு நேரம் குனிஞ்சு நின்னீங்க!

— கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன்டி. இறங்கிப் போற ஆளை எல்லாரும் கூப்பிடுவாங்க. நானே கூப்பிடுவேன்.

— அது கடை இல்லீங்க.

— சரி. போட்டுட்டேன். இதோ கம்பியைக் கீழ போட்டுட்டேன் கண்ணு. பாரு, அப்பா கையில ஒண்ணுமே இல்ல. கையை மடக்கிக்கோ.

— அப்பா.

— மடக்கும்மா... ஏன்டி இன்னும் நீட்டிக்கிட்டே நிக்கிறா? கண்ணை வேற இறுக மூடிக்கிட்டா! நீ சொல்லேன்!

— அடி விழுந்தாத்தான் மடக்குவா. உங்க மக இல்லையா, கணக்குல சுத்தம். வார்த்தையைக் கொடுத்துட்டா. ஒரு அடி பாக்கி.