ஒரு ஜாடி குறைவு

ஒயினைச் சுவைத்துப் பார்ப்பவர்கள் அதை விழுங்குவதில்லை. நிறையப் பேருக்கு இது தெரியாது. வாயில் ஊற்றிச் சுழற்றி, நாக்குக்கு விஷயம் பிடிபட்டதும் பக்கத்திலிருக்கும் ஜாடியில் துப்பிவிட வேண்டும். இப்படிச் சுவைத்துப் பார்க்கக் கூடும் எங்கள் குழுவின் தலைவர் பல் டாக்டர். துப்பச் சொல்லியே வீடு கட்டினவர் என்று அவரைக் கேலி செய்வோம். அவருடைய நோயாளிகளுக்குப் பல்செட் செய்து கொடுப்பது என் தொழில். சனிக்கிழமை சாயங்காலம் நோயாளிகள் போனபின், அவர்கள் காத்திருக்கும் அறையிலேயே நாங்கள் கூடுவோம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஜாடி வைப்பது என் பொறுப்பு. புட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றுவதும் நான்தான். பெயரைப் பார்த்துவிட்டால் நாக்கு பொய் சொல்லும்.

மாப்பிள்ளையை அங்கே அழைத்துப் போனதும் நான்தான். அவர் என் தங்கையின் கணவர். தங்கை இறந்தபோது அவர் பகலிலேயே குடித்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையை நானும் என் மனைவியும் தூக்கி வந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. காய்ச்சலுக்கு விழித்திருந்தது, சைக்கிள் பழக்கியது எல்லாம் நாங்கள். பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள். மாமா என்றுதான் கூப்பிடுவாள். அது எனக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை.

பிறகு அவர் திருந்தினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. சிகிச்சைக்குப் போய்வந்தார், சொட்டுகூடத் தொடாமல் மரச்சாமான் கடையில் வண்டி ஓட்டினார். மாடியில் இரண்டு அறை வீடு பிடித்து, ஓர் அறைக்கு மகளுக்குப் பிடித்த மஞ்சளைத் தன் கையாலேயே அடித்தார். பரீட்சை முடிந்ததும் அவளைக் கூட்டிப் போவதாகப் பேச்சு. அவள் அன்றைக்கே பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள், பாடிக்கொண்டே. என் மனைவி சமையலறையில் நின்று அழுதாள். எனக்கும் வயிறு பற்றி எரிந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

நல்ல மனிதர்களோடு பழகட்டுமே என்றுதான் அவரைக் கூப்பிட்டேன்.

"வேண்டாம் மச்சான். நாக்குல பட்டாலே நான் போயிடுவேன்" என்றார்.

"உங்கள யாரு குடிக்கச் சொன்னா? துப்பத்தானே போறோம். பக்கத்துல நான் இருக்கேன்ல?"

"எம் பொண்ண வளத்தவரு நீங்க. உங்க பேச்ச நான் தட்டலாமா?"

இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். படித்தவர்கள் நடுவில் கூச்சத்தோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் எல்லோருக்கும் ஊற்றினேன். "நல்லா சுழட்டுங்க, ஆனா முழுங்கிடாதீங்க" என்றார் டாக்டர். எல்லோரும் துப்பினார்கள். மாப்பிள்ளை இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மட்டும் ஜாடி இல்லை. அடுத்தவர் ஜாடியில் துப்பக் கூச்சம். எழுந்து ஓடினால் நாலு பேர் பார்ப்பார்கள். வாய் நிறைய வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் கோக்க, என்னைப் பார்த்தார். நான் ஒரு கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் விழுங்கினார்.

அடுத்த புட்டிக்கு அவர் ஜாடியைத் தேடவில்லை.

அதற்குப் பிறகு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே சாராயக் கடைக்குள் நுழைந்திருக்கிறார். வேலை போயிற்று. பரீட்சை முடிவதற்குள், அந்த மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்து கழுத்து முறிந்து செத்துப்போனார். அடக்கத்தின்போது நான் அழுதது நடிப்பில்லை. அவர் நல்ல மனிதர்.

அவள் அந்தப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டால் ஓடி வருவதுமில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள். சின்னக் குழந்தைதானே, போகப் போகச் சரியாகிவிடும்.

அன்றிரவு அலமாரியில் ஒரு ஜாடி ஈரமே படாமல் இருந்ததை டாக்டர் உங்களிடம் சொன்னாராம். மறந்துவிட்டாயா என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட ஜாடி வைக்க மறந்ததில்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்களும் பிள்ளை பெற்றவர். நீங்களே சொல்லுங்கள், ஒரு குடிகாரரை நம்பிப் பெண்பிள்ளையை எப்படி ஐயா அனுப்பி வைப்பது?