மூன்றாவது சிலிண்டர்

காலையில் ஒரே சாவியில் வண்டி கிளம்பிவிட்டால் அன்றைக்கு எல்லாமே நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிற ஆள் நான், ஐயா. சனிக்கிழமை அது நான்காவது சாவியில்தான் கிளம்பியது. ஒரு மாதமாகவே மேடு ஏறும்போது திணறிக்கொண்டிருந்தது; சிக்னலில் நின்றால் கிடுகிடுவென்று குலுங்கும். ஏதோ ஒரு சிலிண்டரில் அழுத்தம் நிற்கவில்லை என்று புரிந்துவிட்டது. எனக்கு இதெல்லாம் காதாலேயே தெரியும்.

தெருக்கோடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற என் மைத்துனன் பானட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு அத்தான். என்ஜினை இறக்கினாத்தான் சரிப்படும்" என்றான். நான் வால்வு என்றேன். வேலையாட்கள் எதிரிலேயே சிரித்தான். என் மனைவியும் அவனோடு சேர்ந்துகொண்டாள்: "விடுடா, உங்க அத்தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்தான்." எனக்குச் சுருக்கென்றது, மறைப்பானேன். இருபத்தாறு வருஷமாக அந்தக் குடும்பத்தில் நான் சொன்னது எதுவும் எடுபட்டதில்லை.

ரிங்கா வால்வா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். உங்களுக்கும் உதவும், கேட்டுக்கொள்ளுங்கள். என்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி அணைத்துவிட்டு, நாலு பிளக்கையும் கழற்ற வேண்டும். ஒரு துளையில் அழுத்தம் காட்டும் கேஜைத் திருகிவிட்டு, உள்ளே ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். முள் எவ்வளவு ஏறுகிறதோ அங்கேயே நிற்கும். குறைவாகக் காட்டுகிற சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். முள் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு. அவ்வளவுதான் சங்கதி.

மிதிக்க ஒரு ஆள் வேண்டுமே. என் மனைவியைக் கூப்பிட்டேன். காலையிலிருந்து தோள்பட்டை வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனாலும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நல்ல மனுஷி, குறை சொல்ல முடியாது. முதல் சிலிண்டர் நூற்று எழுபது. இரண்டாவது நூற்று அறுபத்தைந்து. மூன்றாவது தொண்ணூறு. எனக்கு வந்த சந்தோஷத்தில் பானட்டில் ஒரு தட்டு தட்டினேன்.

"ஏங்க, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குங்க. தம்பியைக் கூப்பிடுங்க" என்றாள்.

"இன்னும் ஒண்ணுதாம்மா. மிதி" என்றேன்.

மிதித்தாள். நான்காவது நூற்று அறுபத்தெட்டு. மூன்றாவதில் எண்ணெய் விட்டு கேஜை மாற்றிவிட்டு, "திருப்பு" என்றேன். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

உடனே மைத்துனனுக்குப் போன் செய்தேன் என்று நேற்று வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தேன் இல்லையா, அந்த வரியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. யோசித்தேன். அவன் மூன்று நிமிஷத்தில் வந்துவிடுவான். அவளைத் தூக்கிக்கொண்டு போகிற பரபரப்பில் கேஜை யார் பார்க்கப்போகிறார்கள்? நாளைக்கு எல்லாம் அடங்கியதும், ரிங்தான் என்பான். அது அப்படியே நிலைத்துவிடும்.

அதனால் கதவைத் திறந்து நானே சாவியைத் திருப்பினேன். பேட்டரி இறங்கிப்போயிருந்தது, என்ஜின் முனகியதே தவிர வேகமாகச் சுற்றவில்லை. மெதுவாகச் சுற்றினால் கணக்கு தப்பாகத்தான் காட்டும். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. உள்ளே போய் சார்ஜரை எடுத்து வந்து மாட்டினேன். கால் மணி நேரம்.

சும்மா நிற்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ரவிக்கைக் கொக்கியைத் தளர்த்திவிட்டு, வால்வு எப்படி எரிந்துபோகும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருமுறை "தண்ணி" என்றாள். கொண்டுவந்து கொடுத்தேன், பாதி கழுத்தில் வழிந்தது. எங்களுக்குள் இவ்வளவு நேரம் சண்டையில்லாமல் பேச்சு நடந்து நாளாயிற்று. அவள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக நான் பேசவில்லை.

பிறகு மறுபடி ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன். ஆக்ஸிலரேட்டர் மேல் அவள் கால் அப்படியே கிடந்தது. அதன் மேல் என் இடது கையை வைத்து அழுத்தினேன், கடைசி வரைக்கும். சாவிக்குக் கை நீட்டினேன்.

இனி நீங்கள் மூன்று தடவை கேட்ட கேள்வி. அப்போது உயிர் இருந்ததா? இருந்தது, ஐயா. கண் திறந்துதான் இருந்தது. சாவிக்கு நீட்டிய கையை, மணிக்கட்டில், இறுக்கிப் பிடித்தாள். அவ்வளவு பலம் அவளிடம் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. காலிலிருந்து கையை எடுத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மடியில் வைத்துவிட்டு, மறுபடி அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினேன். இருபது நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாரே, அந்த இருபது நிமிஷம் இப்படித்தான் போயிற்று.

முன்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். அதே தொண்ணூறு. வால்வுதான். போனைக் கையில் எடுத்தேன். ஆனால் அவனுக்குச் சொல்வதற்கு முன்னால் அவளிடம்தான் போய்ச் சொன்னேன். கட்டின மனைவிக்குத்தானே முதலில் சொல்ல வேண்டும்.