இடமிருந்து வலம்: இரண்டு சிறுமிகள்

ஓடுகிறோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, மேட்டை நோக்கி. என் இடது மணிக்கட்டைப் பெரியம்மா பிடித்திருக்கிறாள். இழுக்கிறாள். செடிக் கொப்புகள் முழங்காலைக் கிழிக்கின்றன. பின்னால் லயம் எரிகிறது. தகரக் கூரை வெடிக்கிறது. ஒன்று. இரண்டு. மூன்று வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணவில்லை.

"குனி! குனிஞ்சு ஓடு!"

1983. ஜூலைக் கடைசி. செவ்வாய்க்கிழமை. பகல் இரண்டே கால். இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டம். தமிழர்களை அடிக்க ஒரு கும்பல் லொறிகளில் வந்தது. கைகளில் பெட்ரோல் கேன்கள். எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள், ஒரே நீளக் கூரை. ஒரு முனையில் வைத்த தீ மறுமுனைக்கு வர அதிக நேரம் பிடிக்கவில்லை. எனக்கு ஒன்பது வயது. பெயர் தவமணி.

மேட்டுக்கு வந்ததும் பெரியம்மா திரும்பினாள். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது. அவள் இழுத்து வந்தது தன் மகளை இல்லை. என்னை.

மகள் பெயர் சரோஜா. என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள். ஒரே உயரம். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஒரே துணியாகத்தான் எடுப்பார்கள். வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் அதிலேயே கவுன் தைப்பார்கள். எங்கள் இருவருக்கும் பச்சைப் பூப்போட்ட கவுன். அன்றைக்கும் அதைத்தான் போட்டிருந்தோம். புகைக்குள் பெரியம்மா பார்த்தது கவுனை.

சரோஜா உள்ளே இருந்தாள். என் அப்பாவும் அம்மாவும் உள்ளே இருந்தார்கள். பெரியம்மா கீழே ஓடப் பார்த்தாள். எங்களோடு தப்பி வந்த நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"போகாத! போகாத!"

என் மணிக்கட்டை மட்டும் அவள் விடவே இல்லை. நகம் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

பெரியப்பா அன்று டவுனுக்குப் போயிருந்தார். இந்தியா வருவதற்கான காகித அலைச்சல். பாஸ்போர்ட், சான்றிதழ்கள், வீட்டுப் படங்கள் எல்லாம் அவர் தோள்பையில் இருந்தன. அதனால் பிழைத்தன. பாஸ்போர்ட்டில் மூன்று பேர்: அவர், பெரியம்மா, மகள் சரோஜா. என் அப்பா போட்ட குடியுரிமை மனுவுக்குப் பதிலே வரவில்லை. நான் எந்த நாட்டுக் காகிதத்திலும் இல்லை. அடுத்த ஆண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறுவதற்கு முன் பெரியப்பா என்னிடம் சொன்னது ஒரே வரி.

"சரோஜான்னு கூப்பிட்டா நீதான் கை தூக்கணும். விளங்குதா?"

தூக்கினேன். இன்னும் இறக்கவில்லை. பள்ளிச் சான்றிதழில் சரோஜா. ரேஷன் கார்டில், கல்யாணப் பத்திரிகையில், வாக்காளர் அட்டையில் சரோஜா. வசமாக மாட்டிக்கொண்டேன். ஊர் முன்னால் பெரியம்மா எனக்கு அம்மா. பெற்றவர்கள் எனக்குச் சித்தப்பா, சித்தி. ஆடி அமாவாசைக்கு அவர்களுக்கு இலை போட்டோம். சரோஜாவுக்குப் போடவில்லை. காகிதத்தில் உயிரோடு இருப்பவளுக்கு எப்படிப் போடுவது? படம் மாட்டி ஒரு முழம் பூ வைக்க முடியாது. பெயர் சொல்லி அழ முடியாது. பெரியம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவாள். எனக்குக் கேட்கும். என்னைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று நினைப்பேன். கை மாறிப் பிடித்துவிட்டோமே என்று.

2006. நவம்பர். கொடைக்கானல். ஏழுரோட்டுச் சந்திப்புக்குக் கீழே ஒரு போட்டோ ஸ்டுடியோ. அங்கே எனக்கு ஸ்கேனர் வேலை. பழைய படங்களையும் பத்திரங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெயர் வைத்து, சிடி போட்டுக் கொடுப்பேன். பெயர் வைப்பதில் நான் கறார். ஆண்டு முதலில். அடுத்து இடம். அப்புறம் ஆட்கள், இடமிருந்து வலம். எல்லாம் ஆங்கில எழுத்தில். 'போட்டோ 1', 'புதுசு 2' என்று வைத்துக்கொண்டு வருபவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பெயர் இல்லாத படம் பேரப்பிள்ளைகள் காலத்தில் குப்பைக்குத்தான் போகும் என்று அவர்களிடம் சொல்வேன். வாய் கூசாமல் சொல்வேன்.

மூன்று நாளாக மழை. மலைச்சாலையில் மண் சரிந்து வத்தலக்குண்டு பஸ் வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம், எதிர்க்கடைகூடத் தெரியவில்லை. பெரியப்பா அந்த மார்ச்சில்தான் இறந்திருந்தார். அவர் பையில் இருந்த படங்களில் பூஞ்சை ஏறிவிட்டது. முகங்களைத்தான் முதலில் தின்கிறது.

"மிஷின் சும்மாதானே கெடக்கு. ஒங்க வீட்டுப் படத்தையும் ஏத்திக்கங்க சரோஜா" என்றார் கடைக்கார அண்ணன். "வெரசா ஏத்துங்க. கரண்ட்டு எப்பப் போகும்னு தெரியல." சாப்பிடப் போனார்.

பூஞ்சையைப் பார்த்துப் பயந்து, எங்கள் ஊர் அட்டுவம்பட்டியிலிருந்து பெரியப்பாவின் பையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பெரியம்மா அன்று காலையிலேயே நடந்து வந்திருந்தாள். படமும் காகிதமுமாக மொத்தம் இருபத்து மூன்று. பாஸ்போர்ட்டை ஏற்றினேன். பெயர் வைத்தேன். சான்றிதழ்களை ஏற்றினேன். கை தானாக ஓடியது. பத்தொன்பதாவதில் நின்றது.

1982 தீபாவளி. லயத்து வாசல். ஒரே கவுனில் இரண்டு சிறுமிகள். இருவர் முகத்திலும் வெள்ளைப் புள்ளிகள். பெயர்க் கட்டத்தில் கோடு மின்னுகிறது. மின்னிக்கொண்டே இருக்கிறது. இதில் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

கடையில் வேறு யாரும் இல்லை.

"பெரியம்மா. இதுல யாரு யாரு?"

"எடப்பக்கம் அவ. வலப்பக்கம் நீ." கண்ணாடிகூடப் போடவில்லை.

"ஒரே கவுனு. எப்புடித் தெரியுது?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இருபத்து மூன்று வருடக் கோபம்.

"அப்ப அன்னைக்கு?"

பெரியம்மா திரையையே பார்த்தாள். மழை தகரத்தில் அடித்தது.

"அன்னைக்கு நான் மொகத்தப் பாக்கல புள்ள. பாத்திருந்தா ஒன்னய அங்கயே விட்டுட்டு அவளத் தேடியிருப்பேன். சத்தியமா விட்டிருப்பேன். அந்த நெனப்புத்தான் என்னய அறுக்குது. ஒம் மொகத்தப் பாக்குறப்பல்லாம் அறுக்குது."

என்னைக் காப்பாற்றியதற்காக அவள் அழவில்லை. விட்டிருப்பேனே என்று அழுதிருக்கிறாள். நான் இத்தனை வருடமும் தப்பாகவே படித்திருக்கிறேன். அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். ஸ்கேனர் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"எழுது" என்றாள். "ரெண்டு பேரு பேரையும் எழுது. அவ சரோஜா. நீ தவமணி."

தலைமன்னாரில் விட்ட என் பெயரை அன்றுதான் மறுபடி கேட்டேன். அடித்தேன். 1982, தோட்டம், சரோஜா, தவமணி. சேமித்தேன்.

அண்ணன் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன சரோஜா, சோலி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுண்ணே" என்றேன்.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர்கள்: ஒன்று லயத்துப் படங்களுக்கு, மற்றது என் சான்றிதழ்களுக்கு. ஒன்றில் சரோஜாவுக்கு ஒன்பது வயது, அதோடு சரி. மற்றதில் அவள் கல்யாணமாகி, ஓட்டுப் போட்டுக்கொண்டு, அட்டுவம்பட்டியில் குடியிருக்கிறாள். இரண்டாவதை என்னால் அழிக்க முடியாது. என் வீடும் வேலையும் என் பிள்ளைகளின் சான்றிதழும் அதற்குள் இருக்கின்றன.

இழந்தவை: பன்னிரண்டு வீடுகள். அப்பாவின் ரேடியோ. அம்மாவின் தையல் மெஷின். இரண்டு ஆடுகள். அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை. அம்மாவின் படமும் இல்லை. பெயர் வைக்க முகம் இல்லை.

இழந்தவர்கள்: அப்பா முத்தையா. அம்மா காளியம்மா. அக்கா சரோஜா, ஒன்பது வயது. மூன்று பேர். மூன்றாவது பெயரில்தான் நான் இன்றும் கையெழுத்துப் போடுகிறேன்.