கிறுகுற வெளிச்சம்

– அதத் தொடாத றவூபு. கைய எடு எண்டன்.

– எடுத்துட்டன் ராத்தா. இந்தா, இதுதான் உங்கட பாட்டுப்பெட்டிக்குப் புடிச்ச சீக்கு. முக்காட்டு ஊசி. மோட்டர்ட பல்லுச் சில்லுக்குள்ள குத்திக்கிட்டுக் கிடந்திரிக்கி. இப்ப பாருங்க, கலர் டிறம்மு எப்பிடிச் சுத்திக் கிறுகுது எண்டு. செவப்பு, பச்ச, மஞ்சள், மறுகாச் செவப்பு. என்ட கை பட்டாச் செத்த சாமானும் எழும்பி நிக்கும்.

– யா அல்லாஹ். உன்ன ஆரு இண்டைக்கு வரச் சென்ன?

– ஒருத்தரும் செல்லல்ல. றோட்டால போகக்குள்ள பாத்தன், உங்கட கடைக்குள்ள பெட்டி பச்சையில அப்பிடியே நிண்டிச்சி. என்ட கையால செஞ்ச சாமான் நிண்டு கிடந்தா ஆருக்கு வெக்கம்? நீங்க உள்ளுக்குத் தேத்தண்ணி ஊத்தக்குள்ள பின்பலகையக் கழட்டிப் பாத்தன்.

– ஊசியத் திருப்பிக் குத்து. எடுத்த இடத்திலயே குத்து.

– ஓடுற மோட்டருக்குள்ள ஊசியக் குத்தவா? மோட்டர் எரிஞ்சி போகும் ராத்தா.

– எரிஞ்சா எரியட்டும். குத்து எண்டாக் குத்து.

– என்ன கதை இது? மச்சானுக்கு இந்தப் பெட்டி எண்டா உசிரு. சுனாமி கொண்டு போனத அருளம்பலம் அண்ணன் பாண்டிருப்புக் கரையில கண்டெடுத்து வண்டில்ல ஏத்திக்கிட்டு வந்தாரு. காசு போட்டாப் பாடுற மெசின் உப்புத் தண்ணி குடிச்சித் துருவாப் போயிரிந்திச்சி. நான்தான் சீடி பிளேயர் போட்டன். டியூப் லைட்டச் சுத்தி இந்த டிறம்மக் கட்டி, கலர்த்தாள் ஒட்டி, கிறுக வெச்சதும் நான்தான். கண்ணாடிக்குப் பின்னால வெளிச்சம் தண்ணி மாதிரி ஓடக்குள்ள மச்சான் அழுதே போயிட்டாரு. அதுக்குள்ள ஊசியக் குத்தச் செல்றீங்களே.

– மெல்லக் கதை. கிட்ட வா. அந்த ஊசியக் குத்தினதே நான்தான்.

– நீங்களா?

– ஓம். இந்தச் சன்னலால கடல் தெரியுதில்ல? கடல்ல நிக்கிறவனுக்கும் இந்தப் பெட்டி தெரியும். உன்ட மச்சான் தோணியில வரக்குள்ள இதத்தான் பாப்பாரு. வெளிச்சம் கிறுகினாக் கரையில பயமில்ல, வரலாம். கிறுகாம நிண்டா வரக்கூடாது. தோணிய வடக்கால திருப்பி மருதமுனையில கரை ஏறணும். எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச கதை இது.

– ஏன்? தோணியில என்ன இரிக்கி?

– துலக்சன் இரிக்கான்.

– அருளம்பலம் அண்ணன்ட மகனா? அவன் கொழும்புக்குப் போயிட்டான் எண்டாங்களே.

– ஊருக்கு அப்பிடிச் சென்ன நாங்கதான். வேன்ல வாறவனுகள் பாண்டிருப்புல அவன்ட ஊட்டுக்கே போய்க் கேட்டிரிக்கானுகள். கிழக்குல சண்ட முடிஞ்சி எண்டு றேடியோவுல செல்றான். முடிஞ்சா எதுக்கு இயக்கத்துக்குப் புள்ளைகளப் புடிக்கிறானுகள்? இன்னும் மீச முளைக்கல்ல அவனுக்கு. பகல்ல உன்ட மச்சான்ட தோணியில வேலை, ராவைக்கு எங்கட ஊட்டுக்குள்ள படுக்கை. சுனாமியண்டு தலமயிரப் புடிச்சி என்னத் தண்ணிக்குள்ளால இழுத்துப் போட்ட மனுசன்ட புள்ள. அவனக் குடுத்துட்டு நான் மறுமையில என்ன பதில் செல்லுவன்?

– சரி, இண்டைக்கு எதுக்குக் குத்தினீங்க?

– பள்ளி ஒழுங்கைக்குள்ள ஒரு வெள்ள வேன் நிக்குது. நம்பர் பிளேட் இல்ல. அதக் கண்டுட்டுத்தான் ஓடி வந்து குத்தினன். மஃரிபுக்கு முன்னுக்குத் தோணி வந்திரும். பொழுது பட்டா நேவிக்காரன் கடல்ல நிக்க விடமாட்டான்.

– அல்லாஹ்வே. நான் என்ன வேலை பாத்திரிக்கன். தாங்க ஊசிய.

– உன்ட கையிலதானே இரிந்திச்சி?

– மேசையில வெச்சன். அந்த மேசையிலதான். பொறுங்க...

– அக்கா, குடிக்கக் குளிரா என்ன இருக்கு?

– வாங்க தம்பி. இரிங்க. நெல்லி இரிக்கி, பலூடா இரிக்கி.

– நெல்லி தாங்க. அவசரமில்ல. இந்த மேசையிலயே இருக்கன், கடல் காத்து வருது. பெட்டி திருத்துற காக்கா, என்னக் கண்டுட்டு ஏன் நிண்டுட்டீங்க? வேலையப் பாருங்க.

– வேலை முடிஞ்சி தம்பி. பின்பலகைய மூடிட்டு நிப்பாட்டப் போறன்.

– மூடாதங்க. நிப்பாட்டவும் வேணாம். வடிவாத்தானே கிறுகுது.

– மோட்டர் சூடாகுது தம்பி. கொஞ்ச நேரம் ஆற விடாட்டி எரிஞ்சிரும்.

– எங்க, கைய வெச்சுப் பாப்பம். பச்சத் தண்ணி மாதிரி இருக்கு. கிறுகட்டும்.

– இந்தாங்க தம்பி நெல்லி. ஐஸ் போடவா?

– வேணாம். இது ஆரிட ஊசி அக்கா, மேசையில கிடந்தது?

– என்டதான். முக்காட்டு ஊசி. தாங்க.

– என்ட கையில இருக்கட்டும். போகக்குள்ள தாறன். காக்கா உங்களுக்கு என்ன முறை?

– என்ட தம்பி. றேடியோ திருத்துற கடை வெச்சிரிக்கான்.

– வீட்டுக்காரர்?

– கடலுக்குப் போயிரிக்காரு.

– தனியவா?

– கூலிக்கு ஆள் புடிச்சிக்கிட்டுப் போவாரு. ஆள் மாறி மாறி வரும். எனக்குப் பேரு தெரியா.

– பேரு நான் கேக்கல்லயே அக்கா.

– சும்மா சென்னன் தம்பி. றவூபு, பாங்கு செல்லப் போகுது. பெட்டிய நிப்பாட்டு. பள்ளிக்காரங்க வந்து ஏசிட்டுப் போயிரிக்காங்க தம்பி, பாங்கு நேரத்தில பாட்டுச் சத்தம் கேக்கக் கூடாது எண்டு.

– பாட்டு இன்னும் போடவே இல்லயே.

– வெளிச்சத்தையும்தான் நிப்பாட்டுற.

– வெளிச்சத்துக்கு என்ன பாங்கு? பள்ளியிலயும் லைட் எரியுதுதானே.

– அது எரியிற லைட்டு தம்பி. இது ஆடுற லைட்டு. ராத்தா செல்றதுல ஒரு ஞாயம் இரிக்கி. நான் இந்த வயர மட்டும் உருவி விடுறன், பாங்கு முடிய...

– காக்கா, வயர விடுங்க. அந்தக் கதிரையில இருங்க. விளங்குதா? கை ரெண்டையும் மடியில வைங்க.

– இரிக்கன். இரிக்கன் தம்பி.

– ஹலோ. ஓம், கடைக்குள்ளதான் நிக்கன். இன்னும் தோணி தெரியல்ல. நீங்க ஒழுங்கைய விட்டு வெளிய வராதங்க, கண்டாத் திரும்பிருவாங்கள். கரையில ஒருத்தன மட்டும் நிக்க விடுங்க. கண்டோன எனக்கு ஃபோன் அடிங்க.

– தம்பி, நீங்க எந்த ஊரு?

– தம்பிலுவில். ஏன் அக்கா?

– சும்மாதான். முகத்தப் பாத்தா நல்ல ஊட்டுப் புள்ள மாதிரி இரிக்கி.

– நான் உங்களிட்ட ஒண்டு கேக்கன். இந்தக் கரைக்கு இதுக்கு முதலும் வந்திருக்கன். ஒருக்கா இந்தப் பெட்டி செவப்புல நிண்டது. அடுத்த முறை வந்தன், மஞ்சள்ல நிண்டது. ரெண்டு முறையும் உங்கட தோணி இந்தக் கரைக்கு வரல்ல.

– பழைய பெட்டி தம்பி. தண்ணிக்குள்ள கிடந்தது. நிக்கும், கிறுகும்.

– நாங்க வராத நாளையில நிக்கவே மாட்டுதாம். முன்கடையில விசாரிச்சன்.

– என்ட ராத்தாவ ஒண்டும் கேக்காதங்க. பெட்டிக்குப் பொறுப்பு நான். கேக்கிறத என்னக் கேளுங்க, அடிக்கிறதெண்டா என்ன அடிங்க.

– உங்களுக்கு இதுல ஒண்டும் தெரியாது காக்கா. தெரிஞ்சிருந்தா ஊசியக் கழட்டியிருக்க மாட்டீங்க.

– தம்பி...

– துலக்சன் என்ன படிச்சவன் அக்கா?

– அப்பிடி ஆரையும் எனக்குத் தெரியா.

– சும்மா சொல்லுங்க. சொன்னாலும் சொல்லாட்டியும் எனக்கு ஒண்டுதான்.

– ஓ லெவல் எழுத இரிந்த புள்ள தம்பி. கணக்குல கெட்டிக்காரன். தாய் சுந்தரம்மா சீக்குக்காரி, இவன விட்டா அவளுக்கு ஆம்புளப் புள்ள இல்ல. விட்டுருங்க அவன. அல்லாவுக்காகக் கேக்கன். இந்தா, உங்கட கால் ரெண்டையும் புடிக்கன்.

– எழும்புங்க. எழும்புங்க அக்கா. காலப் புடிச்சா ஒண்டும் நடக்காது. எங்கட அம்மாவும் புடிச்சிப் பாத்தவ.

– எதுக்கு?

– நான் டியூசன் விட்டு வரக்குள்ளதான் என்ன ஏத்தினவங்கள். அம்மா ஒருத்தன்ட காலப் புடிச்சா, அவன் உதறிப்போட்டு வாகனத்த எடுத்துட்டான். வாகனத்துக்குப் பின்னால ஓடி வந்தா. செருப்பு ஒண்டு கழண்டு றோட்டுல கிடந்தது, அத எடுக்கவும் இல்ல. ஊர்ச் சனம் முழுக்க வாசல் கடப்படியில நிண்டு பாத்தது அக்கா. ஒருத்தரும் வாய் திறக்கல்ல.

– அவட வயிறு எரிஞ்ச மாதிரி இன்னொரு தாய்க்கும் எரியணுமா? நீங்களே செல்லுங்க.

– அவ இப்ப இல்ல. சுனாமியில போயிட்டா. செத்த வீட்டுக்குப் போகவும் என்ன விடல்ல. அது நடந்தது, முடிஞ்சது. கதைச்சது போதும். ரெண்டு பேரும் கதிரையத் திருப்பி றோட்டப் பாத்து இருங்க.

– எதுக்கு தம்பி? சுடப் போறீங்களா?

– திரும்புங்க எண்டாத் திரும்புங்க. கடலையும் பாக்கக் கூடாது, பெட்டியையும் பாக்கக் கூடாது. கையால சாடை காட்டினாலும் எனக்குத் தெரியும். நான் போய் எங்கட வேன் இந்தக் கடையத் தாண்டுற வரைக்கும் ஒருத்தரும் தலையத் திருப்பக் கூடாது. விளங்குதா?

– விளங்கிச்சி.

– நான் ஒரு பாட்டுப் போடப் போறன். காசு எதுக்குள்ள போடுற காக்கா?

– வலப்பக்கத்து ஓட்டைக்குள்ள. விழாட்டி ஒரு தட்டுத் தட்டணும்.

– சரி, விழுந்திட்டு.

– ராத்தா, எஞ்சின் சத்தம். கேக்குதா?

– கேக்குது. மச்சான்ட தோணிதான். கலிமாவ ஓது.

– என்ட கைதான் ராத்தா. என்ட பாழாப்போன கை. ஆரும் கேக்காம வந்து, ஆரும் கேக்காம தொட்டு... இந்தக் கைய வெட்டிப் போட்டா என்ன?

– அழாத. அவனுக்கு முன்னால அழாத.

– கிட்ட வருது ராத்தா. நேர இஞ்சதான் வருது. நான் எழும்பி ஓடட்டா? ஓடிப் போய்ச் சன்னல்ல நிண்டு கத்தினா மச்சானுக்குக் கேக்கும்.

– இரி. உன்னையும் செத்த மையித்தா நான் பாக்க ஏலா.

– அங்க என்ன குசுகுசுப்பு? பாட்டக் கேளுங்க. காசு போட்டது நான்.

– பாங்கு செல்லுது தம்பி. பாட்டையாவது நிப்பாட்டுங்க.

– ஓம், கேக்குது. நிப்பாட்டுறன். இந்தா, நிண்டுட்டு.

– எஞ்சின் சத்தத்தக் காணல்ல ராத்தா.

– கரைக்கு வந்திட்டாங்க போல. யா அல்லாஹ், அந்தப் புள்ளைய நீ பாத்துக்கொள்.

– ஹலோ. சொல்லுங்க. என்ன, தோணி கிறுகிற்றா? எப்ப? வடக்காலயா? இல்ல, இஞ்ச இருந்து ஒருத்தரும் அசையல்ல. ரெண்டு பேரும் என்ட கண்ணுக்கு முன்னால றோட்டப் பாத்துக்கிட்டு இருக்காங்க. ஃபோனும் எடுக்கல்ல. எனக்கு எப்பிடித் தெரியும்? கரையில நிண்டவன் தலையக் காட்டியிருப்பான். சரி, வாறன். வேன எடுங்க.

– தோணி கிறுகிற்றா தம்பி?

– நெல்லி நல்லா இருந்தது அக்கா. சீனி கொஞ்சம் கூட. நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும், வேன் தாண்டுற வரைக்கும்.

– போயிட்டானா ராத்தா?

– வாசலால இறங்கிட்டான். றோட்டுல நிக்கான். தலையத் திருப்பாத.

– எனக்கு விளங்கல்ல. வெளிச்சம் கிறுகினாத் தோணி கரைக்கு வரணும். நான்தானே கிறுக வெச்சன், அவன் நிப்பாட்ட விடல்லயே. மறுகா எப்பிடி மச்சான் திரும்பினாரு?

– அல்லா திருப்பினான். வேற ஆரு திருப்புற? நீ பேசாம இரி, அவன் திரும்பி வாறான்.

– என்ன தம்பி, இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?

– தொப்பிய விட்டுட்டன் காக்கா. வேன் போனாப் பிறகு பெட்டியத் திரும்பிப் பாருங்க, ஆனா அந்த ஊசிய மட்டும் கழட்டிராதங்க. நாளைக்கும் நாங்க வருவம்.