‘வயது’ என்று மட்டும் எழுத விடாத அம்மையாருக்கு

பேர் வைப்பதில் பேரெடுத்த பெருமாட்டியே! குழப்பம் கண்டால் கொதித்தெழுந்து, தெளிவு பிறந்தால்தான் தேநீரைத் தொடும் தலைமை நிரலாளரே! எங்களைப் படாத பாடு படுத்தி, படவிருந்த பெரும்பாட்டிலிருந்து காத்த பண்பாளரே! வணக்கம்.

குழந்தைகளுக்கான மருந்தின் அளவைச் சொல்லும் மென்பொருளை நம் அறை செய்கிறது. மருத்துவமனைகளின் கணினிகள் இணையத்தின் வழியே குழந்தையின் விவரங்களை அனுப்பும். நம் கணினி மருந்தின் அளவைத் திருப்பி அனுப்பும். அப்படி வரும் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரைப் பார்த்துத்தான், நம் முகமே அறியாத ஒருவர் எதை அனுப்புவது என்று முடிவு செய்வார். அவர் பக்கத்தில் நாம் உட்கார்ந்திருக்க மாட்டோம் என்பதைத் தாங்கள் ஒருநாளும் மறந்ததில்லை.

தங்கள் சோதனையோ தனிச் சோதனை! நாங்கள் ஒரு பெயரைச் சொன்னதும் ஃபோனை எடுப்பீர்கள். மாடியில் வாடிக்கையாளர் அழைப்புகளைக் கவனிக்கும் அக்காவிடம் அந்தப் பெயரை மட்டும் படிப்பீர்கள். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் பெயர் தோற்றது. “எண்” தோற்றது, “குறிப்பு” தோற்றது, நம் அணித் தலைவர் ஆசையாய் வைத்த “தகவல்” என்ற பெயருக்கு அக்கா சிரித்தே விட்டார்.

“வயது” தோற்ற நாளை மறப்போமா! மென்பொருள் வெளியீட்டுக்கு முந்தின நாள் அது. மாசமா வருஷமா என்று அக்கா கேட்டுவிட்டார். வயதென்றால் வருடம்தான், இது யாருக்குத் தெரியாது என்று அணித் தலைவர் வாதாடினார். “மாதங்களில் வயது” என்று மாற்றும்வரை தாங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்கள். எல்லாக் கணக்கையும் திருத்த வேண்டியிருந்ததால் வெளியீடு தள்ளிப்போனது, எங்கள் விடுமுறையும் கூடவே போனது. அன்று தங்களைத் திட்டாதவர் இந்த அறையில் இல்லை.

வெளியீடு முடிந்த அடுத்த வாரம் ஒரு மருத்துவமனையின் நிரலாளர் அழைத்தார்.

“பச்சக்குழந்தை வார்டுல வயச மாசத்துல போட்டிருக்காங்க, மத்த வார்டுல வருஷத்துல. எல்லாம் ஒரே இடத்துல வெறும் எண்ணா கெடக்கு. உங்க பேரைப் பார்த்த பிறகுதான் கவனிச்சேன். இல்லேன்னா அப்படியே அனுப்பியிருப்பேங்க.”

“வயது” என்றே விட்டிருந்தால், எட்டு மாதக் குழந்தைக்கு எட்டு வயதுப் பிள்ளையின் அளவைச் சொல்லியிருப்போம். அந்த அழைப்பு எங்கள் வயிற்றில் பாலை வார்த்தது. தாங்களோ “நான் அப்பவே சொன்னேனே” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது.

நேற்று தாங்கள் எங்களிடம் விடைபெற மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது “நாள்” என்றொரு புதுப் பெயர் வந்தது. தங்களைக் கூப்பிடாமல் அணித் தலைவரே ஃபோனை எடுத்து அக்காவிடம் படித்தார். “எந்த நாள்?” என்று அக்கா கேட்டதும், அதை அழித்துவிட்டு “மருந்து தொடங்கிய நாள்” என்று எழுதினார். தாங்கள் நிம்மதியாய் ஒரு பெருமூச்சு விட்டீர்கள். தாங்கள் போனபின் என்ன செய்வோம் என்று கலங்கியிருந்த எங்களுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

நோயறியா உடலும், பெயர் தேடித் தவிக்காத தூக்கமும் தங்களுக்கு வாய்க்கட்டும்! “நூறு வரை வாழ்க” என்று முடித்து, இம்மடலையும் அக்காவிடம் படித்துக் காட்டினோம்.

“நூறு என்ன? மாசமா, வருஷமா?” என்றார் அக்கா.

ஆகவே திருத்தி வாழ்த்துகிறோம்: நூறு ஆண்டுகள் வாழ்க!

என்றும் தங்கள் அன்பில்,
நிரலாளர் அறையினர்,
மாடி அக்கா சரிபார்த்தது.